பாட்டில் செடியை நம்பிப் படிக்க வைக்கலாமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எண்ணெய் வித்துப் பயிர்களில் திசு வளர்ப்புதான் படிப்பேன் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். செடியின் சிறு துண்டைப் பாட்டிலுக்குள் வைத்து முழுச் செடியாக வளர்ப்பதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்பது உங்கள் கவலை. அந்தக் கவலையில் பாதி நியாயம். அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

எள், நிலக்கடலை, சூரியகாந்தி, கடுகு எல்லாம் விதையாகவே வயலுக்குப் போகின்றன. ஒரு எக்டேர் எள்ளுக்கு 5 கிலோ விதை போதும், லட்சத்துக்கு மேல் செடி நிற்கும். அத்தனையையும் பாட்டிலில் வளர்த்து, வேர்விட வைத்து, வெளிக்காற்றுக்குப் பழக்கி நடுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. வாழைக்கன்று தயாரிக்கும் கூடங்களைப் போல எள் கன்றுக்கு ஒரு கூடம் வராது.

எண்ணெய்ப் பனை மட்டும் வேறு கதை. அதற்கு ஒரே குருத்து, பக்கக் கன்று விடாது. எக்டேருக்கு சுமார் 143 மரம்தான், ஆனால் இருபது இருபத்தைந்து வருடம் நின்று காய்க்கும். நல்ல மரம் ஒன்றை அப்படியே நகலெடுக்கத் திசு வளர்ப்பை விட்டால் வழியில்லை. ஆனால் அதிலும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பாட்டிலில் பார்க்கக் குறையே இல்லாத கன்றுகளில் சில, வருடக்கணக்கில் வளர்ந்து குலை தள்ளியபோது பழத்தைச் சுற்றிக் கூடுதல் சதை மூடிக்கொண்டு, எண்ணெயும் சரிந்துவிட்டது. காரணம் 2015இல்தான் பிடிபட்டது. டிஎன்ஏவின் எழுத்து மாறவில்லை. ‘கர்மா’ என்ற (பெயரைப் பாருங்கள்!) தாவும் மரபணுத் துண்டின்மேல் இருக்கவேண்டிய மெத்தில் குறிகள், அதாவது அதை அடக்கிவைக்கும் சிறு வேதிக் குறிகள், கழன்றுபோயிருந்தன. இப்போது கன்றிலேயே இலையைக் கிள்ளிச் சோதித்து, கோளாறுள்ளதை ஒதுக்க முடியும். அந்தச் சோதனையைச் செய்ய, பாட்டில் மாற்றத் தெரிந்தால் மட்டும் போதாது. மரபியல் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு நான் சொல்லவருவது இதைத்தான். திசு வளர்ப்பைத் தொழிலாக நினைக்காமல், பயிர்ப் பெருக்கத்துக்கான, அதாவது புதிய ரகம் உருவாக்குவதற்கான, கருவியாகப் படிக்கட்டும்.

கடுகு இனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கலப்பு செய்த பிறகு குணம் நிலைக்க ஆறேழு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக, முதிராத மகரந்தத் துகளைப் பிரித்து, சர்க்கரை நிறைந்த திரவ ஊடகத்தில் (செடித் துண்டுக்கு உணவாகும் கலவை) போட்டு, 32 டிகிரி சூட்டில் சில நாள் வைத்தால், மகரந்தமாகவேண்டிய செல் கருவாக மாறுகிறது. அதில் வரும் செடிக்கு ஒரே தொகுதி குரோமோசோம்தான். கோல்கிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து அதை இரட்டித்தால், ஒரே தலைமுறையில் குணம் மாறாத தூய வரிசை கிடைத்துவிடும். இதற்கு விதை போட்டது 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஷிப்ரா குஹாவும் மகேஷ்வரியும் ஊமத்தை மகரந்தப்பையிலிருந்து எடுத்த கருக்கள். இன்று கடுகு இனத்து எண்ணெய்ப் பயிரான ரேப்சீட்டில் ரகம் உருவாக்கும் நிறுவனங்களில் இது அன்றாட வேலை. சூரியகாந்தியில் காட்டு இனத்தோடு கலக்கும்போது கரு பாதியில் வாடும். அதை வெளியே எடுத்துக் காப்பாற்றுவதும் திசு வளர்ப்புத் தெரிந்த கைகள்தான். மரபணுத் திருத்தம் செய்தாலும், திருத்திய செல்லை முழுச் செடியாக்க ஒருவர் வேண்டும். ஆமணக்கு போன்ற பயிர்கள் இதில் ரொம்ப முரண்டு பிடிக்கும், அதனால்தான் கைத்தேர்ச்சி உள்ளவருக்கு மதிப்பு.

சரி, வேலை எப்படி இருக்கும்? வடிகட்டிய சுத்தக் காற்று வீசும் லேமினார் மேடைக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். இடுக்கியைச் சூடாக்கி, ஆறவிட்டு, நகத்தளவு துண்டை ஊடகத்தில் வைத்து, மூடி, அடுத்த பாட்டில். ஊடகத்தை 121 டிகிரியில் அவித்திருப்பீர்கள், அமிலத்தன்மை (pH) 5.8 என்று பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நாள் காலையில் அலமாரியைத் திறந்தால் பாதிப் பாட்டில்களில் பஞ்சு மாதிரி பூஞ்சை. என்னிடம் வந்த ஒரு மாணவர், நல்ல மதிப்பெண்காரர், இரண்டாவது மாதமே இதில் மனமுடைந்து விலகிவிட்டார். அவருடைய தோழி ஒருத்தி அதே கூடத்தில், எந்த வரிசைப் பாட்டிலில் முதலில் பூஞ்சை வந்தது என்று நோட்டில் குறித்துக் குறித்து, மூடியில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தாள். மகளுக்கு இந்த இரண்டாவது சுபாவம் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியும்.

படிப்பைப் பொறுத்தவரை, ‘திசு வளர்ப்பு’ என்று பெயர் போட்ட குறுகிய படிப்பை முதலில் எடுக்க வேண்டாம். வேளாண் அறிவியலோ தாவரவியலோ உயிர்த்தொழில்நுட்பமோ இளநிலையில் படித்து, முதுநிலையில் பயிர்ப் பெருக்கம், மரபியல் பக்கம் போகட்டும். புள்ளியியலை ஒதுக்கக் கூடாது. பலர் ஒதுக்குகிறார்கள், அப்புறம் வருந்துகிறார்கள். சேர்வதற்கு முன் ஒரு விடுமுறையில் ஏதாவது கூடத்தில் ஒரு மாதம் உட்காரட்டும். கல்லூரி பார்க்கப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: மாணவர்கள் தாங்களே ஊடகம் கலக்கிறார்களா, பாட்டிலிலிருந்து வந்த செடி கடைசியாக எப்போது வயலுக்குப் போனது? இரண்டாவதற்குப் பதில் இழுத்தால், வயலைக் காட்டச் சொல்லுங்கள்.