பூசாரிக்கு எத்தனை தெய்வம்?

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிக் கதை நடத்தும் ஆட்டம் அது. கேம் மாஸ்டராக அந்தக் கதையை நடத்துவது நான்தான். என் கற்பனை உலகத்துக்குப் பன்னிரண்டு தெய்வங்களை எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் சின்னம், நிறம், கோயில் எல்லாம் உண்டு. ஆனால் ஆட்டத்தில் எதுவும் உயிரோடு இல்லை. கிளெரிக்காக, அதாவது தெய்வ சக்தியால் மந்திரம் செய்யும் பூசாரியாக, ஆடும் தோழி மற்றவர்களின் காயத்தை ஆற்றுகிறாள், அவ்வளவுதான். மற்றவர்கள் தெய்வங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் உருவாக்கும் பூசாரிகளும் ஒன்று சாந்தமான பெரியவர், இல்லையென்றால் நரபலி கொடுக்கும் வில்லன். எங்கே தவறு? என் உலகத்தில் தெய்வங்கள் நிஜமாகவே சக்தி தருகின்றன. அப்படியானால் ஒருவர் ஒரே தெய்வத்திடம் முழு பக்தியோடு இருப்பதுதானே இயல்பு? இன்னொன்று, நம்முடைய தெய்வங்களையே ஆட்டத்தில் சேர்க்கலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் பன்னிரண்டு தெய்வங்களிடம் குறை எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு தெய்வம் என்று பங்கு பிரித்துக் கொடுத்த இடத்தில்தான் சிக்கல். அந்தப் பழக்கம் இந்த ஆட்டத்தின் பிறப்பிலிருந்தே வருகிறது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே ஆர்னசனின் பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக ஆடிக்கொண்டிருந்தார். அவரை அடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பழைய டிராகுலா படங்களில் சிலுவையோடு வந்து காட்டேரியை விரட்டுவாரே, அவரைப் பார்த்து உருவானவர்தான் கிளெரிக். 1974ம் ஆண்டுப் புத்தகத்தில் கிளெரிக்கின் படிநிலைகளில் விகார், க்யூரேட், பிஷப் என்ற கிறிஸ்தவ குருமார் பட்டங்கள், அதற்கு மேல் லாமா, கடைசியில் பேட்ரியார்க் என்று போகிறது. வாங்க வேண்டிய பொருள்களில் மரச்சிலுவையும் வெள்ளிச்சிலுவையும் இருக்கின்றன. கோலைப் பாம்பாக்கும் மந்திரம் பைபிளில் இருந்து வந்தது. தெய்வங்களுக்கென்று தனிப் புத்தகம் 1976ல்தான் வருகிறது. ஆக, முதலில் வந்தவர் ஒரு பாதிரியார். தெய்வங்கள் பிறகுதான் வந்து அவருக்கு மேலே உட்கார்ந்தன. அதனால் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு சபை, ஒரு கொள்கை, அதற்கு மட்டுமே விசுவாசமான ஆட்கள் என்று ஆகிவிட்டது. பல தெய்வங்கள் இருந்தும் ஒரே தெய்வ மதம் பன்னிரண்டு முறை நகலெடுக்கப்பட்டிருக்கிறது.

நிஜத்தில் பல தெய்வ வழிபாடு எப்படி இருந்தது? பிரிட்டனின் வடக்கே ரோமானிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரை ஒட்டி புரோகோலிடியா என்று ஒரு சிறிய ரோமானியக் கோட்டை இருந்தது. அதன் மதிலுக்கு வெளியே, சில நிமிடம் நடந்தால் போய்விடக்கூடிய தூரத்துக்குள், சிப்பாய்கள் வழிபட்ட மித்ரா என்ற தெய்வத்தின் கோயில், நீர்த்தேவதைகளுக்கு ஒரு வழிபாட்டிடம், கொவென்டினா என்ற உள்ளூர்த் தெய்வத்தின் கிணறு எல்லாம் இருந்தன. 1876ல் அந்தக் கிணற்றைத் தோண்டியபோது 13,000 காசுகளுக்கு மேல் கிடைத்தன. கோட்டைக்குள் படையின் சார்பில் ரோமானியரின் தலைமைத் தெய்வமான ஜூபிடருக்குப் பலி கொடுப்பார்கள். அந்தப் பலியில் நின்ற சிப்பாயே மாலையில் வந்து கொவென்டினாவின் கிணற்றில் காசு போடலாம். யாரும் அவனை மதம் மாறியவன் என்று சொல்ல மாட்டார்கள். எந்த வேலைக்கு எந்தத் தெய்வத்திடம் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

இங்கிலாந்தின் பாத் நகரில் வெந்நீர் ஊற்றில் ரோமானியர் காலத்து ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. சூலிஸ் மினெர்வா என்ற தெய்வத்துக்கு எழுதிய முறையீடுகள். டாசிமெடிஸ் என்ற ஒருவருக்கு இரண்டு கையுறைகள் தொலைந்திருக்கின்றன. எடுத்தவன் புத்தியும் கண்ணும் இழக்க வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசுகிறவர்களைப் பார்த்திருந்தால் இதற்கு விளக்கமே வேண்டாம். உங்கள் ஆட்டத்தில் சண்டைக்காரனாகவும் திருடனாகவும் ஆடுகிறவர்கள் தெய்வத்தைத் திரும்பிப் பார்க்க இப்படி ஒரு தகடு போதும். திருடனின் பெயரை யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிட வேண்டுமானால் எழுதியவரிடமே போய்ப் பேச வேண்டும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதில் போய்விடும்.

இனி பூசாரி. ரோமில் ஜூபிடருக்கு ஃபிளாமென் டயாலிஸ் என்று ஒரு குரு இருந்தார். அவருக்கான விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். குதிரை ஏறக் கூடாது. அணிவகுத்து நிற்கும் படையைப் பார்க்கக் கூடாது. உடையில் முடிச்சு இருக்கக் கூடாது. பெட்டை ஆட்டைத் தொடவும் கூடாது, அதன் பெயரைச் சொல்லவும் கூடாது. பச்சை இறைச்சி, ஐவிக் கொடி, அவரைக்காய் எல்லாம் விலக்கு. அவருடைய கட்டிலின் கால்களில் களிமண் பூசியிருக்க வேண்டும். மனைவி இறந்தால் பதவி போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது: கட்டப்பட்ட ஒருவன் அவர் வீட்டுக்குள் வந்துவிட்டால் உடனே அவிழ்த்துவிட வேண்டும். கட்டிய கயிற்றைக் கூரைத் திறப்பு வழியாக மேலே தூக்கித் தெருவில் போட வேண்டும். உங்கள் குழுவில் ஒருவர் கைதாகித் தெருவில் இழுத்துக்கொண்டு போகப்படுகிறார் என்று வையுங்கள். அந்த வீட்டு வாசல் இருபதடி தூரத்தில் இருக்கிறது. அந்தக் காட்சிக்கு நல்லவரும் வேண்டாம், வில்லனும் வேண்டாம்.

இளவயதில் ஜூலியஸ் சீசரை இந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சர்வாதிகாரி சுல்லாவின் ஆட்சியில் அது கைவிட்டுப் போனது. போகாமல் இருந்திருந்தால் குதிரையும் படையும் அவருக்குக் கிடையாது. பின்னால் கிமு 63ல் அவர் பான்டிஃபெக்ஸ் மாக்சிமஸ், அதாவது தலைமைக் குரு ஆனார். தேர்தலில் நின்று ஜெயித்து! ரோமில் குரு என்பவர் பெரும்பாலும் அரசியல்வாதிதான். கிரேக்க உலகத்தில் கோஸ் தீவு, மிலேட்டஸ் போன்ற இடங்களில் பூசாரிப் பதவியை விலைக்கே விற்றிருக்கிறார்கள். பலி கொடுக்கும் மிருகத்தின் தோலும் காலும் யாருக்கு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இந்தப் பங்குத் தகராறு ஒன்றை உங்கள் கோயிலில் வையுங்கள், உங்கள் பூசாரி தானாகவே மனிதனாகிவிடுவார்.

தெய்வம் நிஜமாகவே சக்தி தந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ரோமானியர்களும் தெய்வம் நிஜம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் சக்தி வருவது சடங்கு சரியாக நடப்பதால். கிமு 176ல் லத்தீன் திருவிழாவில் ஒரு பலியின்போது ஊர் அதிகாரி ரோமானிய மக்களுக்காக வேண்ட மறந்துவிட்டார். திருவிழாவையே திரும்ப நடத்தினார்கள். அவர் மனதில் பக்தி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் உலகத்திலும் மந்திரத்தை இப்படி வையுங்கள். கல்நெஞ்சக்காரப் பூசாரி சொல் பிசகாமல் செய்தால் பலிக்கும். உருகி உருகி வேண்டுகிற நல்லவர் ஓர் அடியை விட்டால் பலிக்காது. அப்போது பக்தி என்பது என்ன என்று உங்கள் நண்பர்களே வாதாட ஆரம்பிப்பார்கள். 1978ல் வந்த ரூன்க்வெஸ்ட் என்ற இதே வகை ஆட்டத்தையும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். கிரெக் ஸ்டாஃபோர்டின் குளோரான்தா உலகம் அது. அங்கே போர்வீரனும் உழவனும்கூட ஏதாவது ஒரு வழிபாட்டுக் குழுவைச் சேர்ந்தவர்கள்தான். தெய்வம் கிளெரிக்கின் தனிச்சொத்து கிடையாது.

நம் தெய்வங்களைச் சேர்ப்பது பற்றி. 1980ல் வந்த டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்ற, இந்த ஆட்டத்துக்கான தெய்வங்களின் புத்தகத்தில் கார்த்திகேயனுக்கும் லட்சுமிக்கும் ஹிட் பாயின்ட் எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்கள். அடித்தால் குறையும் எண். இன்றைக்கும் ஒருவர் காவடி எடுத்துப் போகிற தெய்வத்தை அப்படி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. வழக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள், பெயர்களை விட்டுவிடுங்கள். நேர்த்திக்கடன், முதல் மரியாதைச் சண்டை, வருடத்தில் ஒருநாள் மட்டும் சாமியாடும் உழவர், இவையெல்லாம் எந்தக் கற்பனை உலகத்திலும் பொருந்தும்.

கடைசியாக, உங்கள் தோழி. அவருடைய தெய்வத்தை மாற்ற வேண்டாம். மூன்று விலக்குகளை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அதில் ஒன்று பயணத்தில் தொந்தரவு தருவதாக இருக்கட்டும். அப்புறம், மற்றவர்களின் காயத்தை ஆற்றும்போது சும்மா ஆற்றாமல், பிழைத்தவர் அந்தத் தெய்வத்துக்கு என்ன தருவார் என்று அங்கேயே வாக்கு வாங்கச் சொல்லுங்கள். வாக்குகளையெல்லாம் நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள்.

அன்புடன்