மோனிகா நம்மைப் பார்க்கிறாள்

சென்ற இதழில் ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் கேட்கின்றன: அந்தப் பக்கத்துப் படங்களில் வரும் துணிச்சலான காட்சிகள். ஆகவே இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

கே: 1970-களின் கடைசியில் நான் கல்லூரியில் படித்தபோது, “ஸ்வீடன் படம்” என்றாலே நண்பர்கள் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். உண்மையிலேயே அவை அப்படிப்பட்ட படங்கள்தானா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

அந்தச் சிரிப்பைக் கிளப்பியவர்கள் படத்தை வாங்கி விற்ற வியாபாரிகள்.

1951-இல் ஆர்னே மாட்சன் ஒரு படம் எடுத்தார். “அவள் ஒரு கோடை ஆடினாள்” என்பது தலைப்பின் பொருள். நகரத்து மாணவன் ஒருவனும் கிராமத்துப் பெண் ஒருத்தியும் காதலிக்கிறார்கள். ஊர்ப் பாதிரியாருக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பெண் விபத்தில் இறந்த பிறகும், சவ அடக்கத்தில் நின்றுகொண்டு கண்டித்துப் பேசுகிறார். மத அதிகாரத்தின் இரக்கமின்மையைப் பற்றிய படம் அது. அடுத்த ஆண்டு பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. ஆனால் உலகம் முழுவதும் அதற்குக் கூட்டம் சேர்த்தது, இருவரும் ஆடையின்றி நீந்தும் ஒரு சிறு காட்சி.

பெர்க்மனின் ‘மோனிகாவுடன் கோடை’ 1953-இல் வந்தது. அமெரிக்காவில் குரோகர் பாப் என்ற வியாபாரி அதை வாங்கி, மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்து, ஆங்கிலக் குரலும் புது இசையும் சேர்த்து, “ஒரு கெட்ட பெண்ணின் கதை” என்று விளம்பரம் செய்து ஓட்டினார். உங்கள் நண்பர்களின் சிரிப்புக்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்தப் படத்தை முழு வடிவில் நான் பார்த்தது 1984-இல், திருச்சியில், ஒரு திரைப்படக் கழகத்தில். 16 எம்எம் சுருள். வழக்கமாக முப்பது பேர் வரும் கூடத்தில் அன்று நாற்காலி போதாமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கினார்கள். பெண்கள் நால்வர் மட்டுமே. ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் விளக்குப் போடுவார்கள். எங்கள் நால்வரையும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மறுநாள் கழகத்துப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “இனி இந்த மாதிரிப் படங்களுக்கு நீங்கள் வரவேண்டாம் அம்மா, மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது” என்றார். பார்க்க வந்தவர்களுக்குச் சங்கடம், அதற்காகப் பார்க்க வந்தவள் வீட்டில் இருக்க வேண்டும். நான் அடுத்த மாதமும் போனேன்.

கூட்டம் எதிர்பார்த்து வந்த காட்சி, பாறைகளுக்கு நடுவே மோனிகா தண்ணீருக்கு ஓடுவது, சில நொடிகளில் முடிந்துவிட்டது. யாரோ விசிலடித்தார்கள். பிறகு கதை நகரத்துக்குத் திரும்பியது. மோனிகா காய்கறிக் கடையில் வேலை பார்த்தவள். அங்கிருந்த ஆண்கள் போகிற போக்கில் அவள்மேல் கை வைப்பார்கள். அதிலிருந்து தப்பித்துத்தான் அந்தக் கோடைக்கே ஓடினாள். இப்போது கல்யாணம், குழந்தை, நெருக்கடியான வீடு, காசில்லாத சமையல். கணவன் வேலையாக வெளியூர் போயிருக்கிறான். அவள் ஒரு காபிக் கடையில் வேறொருவனோடு உட்கார்ந்திருக்கிறாள். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்கிறாள். இசை ஒலிக்கிறது. அப்போது முகத்தைத் திருப்பி நேராகக் காமிராவைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பின்னால் இருக்கும் கடை மெல்ல இருளில் மறைய, அந்த முகம் மட்டும் மிஞ்சுகிறது. கெஞ்சலும் வெட்கமும் அதில் கொஞ்சமும் கிடையாது. “இத்தனை நேரம் என்னைப் பார்த்தாயே, இப்போது சொல்” என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. நடித்த ஹாரியெட் ஆண்டர்சனுக்கு அப்போது இருபது வயது.

திருச்சிக் கூடத்தில் யாரும் விசிலடிக்கவில்லை. புரொஜக்டரின் கடகட சத்தம் மட்டும் கேட்டது.

கே: இப்படிப்பட்ட படங்கள் வந்ததால்தான் அந்த நாட்டுப் பெண்களுக்குச் சுதந்திரம் கிடைத்ததா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

இல்லை. படங்கள் பிறகு வந்தவை. முன்னால் வந்தது ஒரு பெண்ணின் கோபம்.

எலிசே ஒட்டேசன்-யென்சன் நார்வேயில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். பதினெட்டுக் குழந்தைகளில் பதினேழாமவர். கடைசித் தங்கை கல்யாணத்துக்கு முன்பே கருவுற்றபோது, ஊர் அறியாமல் அவளை டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்த குழந்தையை யாருக்கோ கொடுத்தார்கள். அந்தத் தங்கை அந்தத் துயரத்திலிருந்து மீளவே இல்லை. தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைக்கூட யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை என்பது அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. பின்னர் ஸ்வீடனில் குடியேறி, ஊர் ஊராகப் போய்க் கூலிக்காரப் பெண்களிடம் கருத்தடை பற்றிப் பேசினார். அப்போது அங்கே கருத்தடைச் சாதனம் பற்றிப் பொதுவில் பேசுவதே சட்டப்படி குற்றம். 1933-இல் பாலியல் கல்விக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1938-இல் அந்தத் தடைச் சட்டம் போயிற்று. 1955-இல் பாலியல் கல்வி பள்ளிக்கூடங்களில் கட்டாயமாயிற்று. 1965-இல், கணவனே ஆனாலும் மனைவியைப் பலவந்தப்படுத்துவது குற்றம் என்று சட்டம் சொன்னது. படங்களில் நாம் பார்க்கிற துணிச்சலான பெண்களெல்லாம் இந்தப் போராட்டத்தின் நிழலில் வளர்ந்தவர்கள்.

இன்னொன்று. எலிசே அம்மையார் 1952-இல் பம்பாய்க்கு வந்தார். உலகக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சம்மேளனம் அங்கேதான் உருவாயிற்று. கூட்டத்தை நடத்தியவர் தன்வந்தி ராமராவ், ஒரு காலத்தில் சென்னை ராணி மேரி கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கடற்கரைச் சாலையில் அந்தக் கல்லூரியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். பெண்ணின் உடல் அவளுடையது என்ற பேச்சு ஏதோ குளிர்நாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கே: ‘நான் ஆர்வமுள்ளவள் – மஞ்சள்’ என்ற படத்தை அமெரிக்காவில் தடுத்து நிறுத்தினார்களாமே. அப்படி என்னதான் இருந்தது அதில்? – ஒரு வாசகர், ஈரோடு

மைக்கைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிற ஒரு பெண் இருந்தாள்.

வில்கோட் ஷேமான் 1967-இல் வெளியிட்ட படம். நீலம் என்ற இரண்டாம் பகுதி 1968-இல் வந்தது. மஞ்சளும் நீலமும் ஸ்வீடன் கொடியின் நிறங்கள். லேனா நீமான் தன் சொந்தப் பெயரிலேயே நாயகியாக வருகிறாள். ஸ்டாக்ஹோம் தெருவில் போகிறவர் வருகிறவரை நிறுத்தி, “நம் நாட்டில் வர்க்க பேதம் இருக்கிறதா?” என்று கேட்கிறாள். ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் இருந்த ஸ்பெயினுக்கு உல்லாசப் பயணம் போய்விட்டு விமானத்தில் வந்து இறங்குகிறவர்களிடம், “உங்களுக்கு உறுத்தவில்லையா?” என்கிறாள். அன்றைக்கு அமைச்சராக இருந்த, பின்னர் பிரதமரான ஊலோஃப் பால்மே படத்தில் பேசுகிறார். ஸ்டாக்ஹோம் வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங்கும் பேசுகிறார். இதற்கு நடுவே லேனாவுக்கு ஒரு காதலன். அவர்களுடைய நெருக்கம் மறைக்கப்படாமல் படமாகியிருக்கிறது. அந்தக் காட்சிகளிலும் அவள் முகம் அவளுடையதாகவே இருக்கிறது: சலிப்பு, ஆசை, எரிச்சல், சிரிப்பு. அலங்காரப் பொம்மையாக அவளை ஓரிடத்திலும் நிறுத்தவில்லை.

ஸ்வீடனில் தணிக்கைக்குழு ஓர் அடிகூட வெட்டாமல் அனுமதித்தது. அமெரிக்காவில் 1968 ஜனவரியில் சுங்க அதிகாரிகள் பிரதியைப் பறிமுதல் செய்தார்கள். நியூயார்க்கில் ஜூரிகள் ஆபாசம் என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 1969 மார்ச்சில் தியேட்டருக்கு வந்ததும் வரிசை தெருமுனை தாண்டிற்று. மேரிலாந்து மாநிலத் தடை உச்ச நீதிமன்றம் வரை போய், 1971-இல் நீதிபதிகள் நான்குக்கு நான்கு என்று பிரிந்ததால் தடை அப்படியே நின்றுவிட்டது.

படத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து வழக்கை நடத்திய பதிப்பாளரும் இயக்குநரும் பேச்சுரிமை வீரர்களாகப் புகழ்பெற்றார்கள். அந்தப் புகழில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. லேனாவுக்கு என்ன கிடைத்தது? சொந்த நாட்டில் சிறந்த நடிகைக்கான குல்ட்பாகே விருது கிடைத்தது. கூடவே வசைக் கடிதங்கள். விமர்சகர்கள் சிலர் அவள் நடிப்பை விட்டுவிட்டு உடம்பின் பருமனை எடைபோட்டார்கள். படத்தை எழுதியவர் ஆண், எடுத்தவர் ஆண், காட்சியில் உடனிருந்தவர் ஆண். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பாவம் என்ற சொல்லையே நான் இங்கே ஏற்கவில்லை; ஆனால் பழி எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள்.

கே: தடைகளை நீக்கினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். டென்மார்க்கில் அப்படித்தானே நடந்தது? – ஒரு வாசகி, சென்னை

டென்மார்க் 1967-இல் எழுத்துக்கும், 1969-இல் படங்களுக்கும் ஆபாசத் தடையை நீக்கியது. உலகில் முதல் நாடு. அதைக் கொண்டுவந்த நீதி அமைச்சர் கன்சர்வேடிவ் கட்சிக்காரர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வயது வந்தோருக்கான திரைப்படத் தணிக்கையும் அதே 1969-இல் போனது. அந்த அக்டோபரில் கோபன்ஹேகனில் கண்காட்சியே வைத்தார்கள். வயது வந்த மனிதன் எதைப் பார்க்கலாம் என்று அரசு முடிவு செய்யக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் தடை போன இடத்துக்கு முதலில் ஓடிவந்தது முதலாளிதான். கட்டில் நகைச்சுவைப் படங்கள் வரிசையாக வந்தன, நல்ல வசூல். பெண் எப்போதும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பவள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வசனமே இல்லை. அடுத்த ஆண்டே, 1970-இல், ‘சிவப்புக் காலுறை’ இயக்கப் பெண்கள் கோபன்ஹேகன் கடைத்தெருவில் ஊர்வலம் போனார்கள். எங்களைச் சரக்காக்குவதற்குப் பெயர் விடுதலையா என்பது அவர்களுடைய கேள்விகளில் ஒன்று. அவர்களை ஒழுக்கக் காவலர்களோடு சேர்த்துப் பேசுவது பெரும் அநியாயம். அவர்கள் ஆசையை எதிர்க்கவில்லை. அந்த ஆசையில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள்.

2017 நவம்பரில் ஸ்வீடன் நடிகைகள் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டு, படப்பிடிப்பிலும் நாடக மேடையிலும் தங்களுக்கு நேர்ந்த கொடுமைகளை வெளியிட்டார்கள். அந்த இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் தளத்தில் கத்துகிற அதே வார்த்தைகள்: “அமைதி, எடுக்கிறோம்!” 2018 ஜூலை முதல் அந்நாட்டுச் சட்டம், விருப்பத்தோடு பங்கேற்காத எந்த உறவும் குற்றம் என்கிறது. எதிர்த்துப் போராடாமல் இருந்தது சம்மதமாகாது. மோனிகாவின் காய்கறிக் கடைக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே அறுபத்தைந்து ஆண்டுகள்.

கே: பெண்களே எடுத்த படங்கள் எதுவும் இல்லையா? – ஒரு வாசகி, நாகர்கோவில்

மாய் ஸெட்டர்லிங். இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நடிகையாக இருந்து இயக்குநரானவர். 1964-இல் ‘காதல் ஜோடிகள்’: பிரசவ விடுதியில் மூன்று பெண்கள் தங்கள் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறார்கள். 1966-இல் ‘இரவு விளையாட்டுகள்’: வெனிஸ் விழாவில் அதைப் பொதுமக்களுக்குக் காட்டவில்லை. சான் பிரான்சிஸ்கோ விழாவில் அதைத் திரையிட்டதற்காக, ஒரு காலத்தில் ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரமாக இருந்த ஷெர்லி டெம்பிள் விழாக் குழுவிலிருந்து விலகினார்.

எனக்கு உயிரான படம் 1968-இல் அவர் எடுத்த ‘பெண்கள்’. நாடகக் குழு நடிகைகள் மூவர், பனிக்காலத்தில் ஊர் ஊராகப் போய் ஒரு பழைய கிரேக்க நாடகம் போடுகிறார்கள். ஆண்கள் போரை நிறுத்தும்வரை மனைவிமார் படுக்கைக்கு வர மறுக்கிற கதை. ஒரு நாள் நாடகம் முடிந்ததும் அந்த மூவரில் ஒருவராக வரும் பிபி ஆண்டர்சன் திரையை இறக்க விடாமல் மேடையின் விளிம்புக்கு வந்து, “இது உங்களுக்கு என்ன சொன்னது? பேசுங்கள்” என்று கேட்கிறார். அரங்கில் இருப்பவர்கள் வாய் திறக்கவில்லை. மூவரில் இன்னொருவர், மோனிகாவாக நடித்த அதே ஹாரியெட் ஆண்டர்சன். உடம்பின் சுதந்திரத்தில் மறுக்கிற சுதந்திரமும் அடக்கம் என்று சொன்ன இந்தப் படத்தை அன்றைய ஸ்வீடன் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆசைக் காட்சிகளுக்கு அத்தனை தாராளமாக இருந்த நாடு, ஒரு பெண் வாதாடியபோது முகம் சுளித்தது. இதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

கே: இந்தப் படங்களில் எதையாவது அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா? – ஒரு வாசகி, விருதுநகர்

நான் என் அம்மாவோடு பார்த்தது பெர்க்மனின் ‘இலையுதிர்கால சொனாட்டா’, சென்னையில் ஒரு திரையிடலில். அதில் ஹெலேனா என்று ஒரு பெண். நரம்பு நோயில் உடம்பு முடங்கி, பேச்சுக் குழறி, ஓர் அறையில் கிடக்கிறாள். ஓரிடத்தில் கட்டிலிலிருந்து விழுந்து, தரையில் ஊர்ந்து, “அம்மா, வா” என்று கதறுகிறாள். என் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன்: “அந்த ஹெலேனாவாக நடித்தவள்தான் லேனா நீமான். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்துக்காக இந்தப் பெண்ணைத்தான் அசிங்கமானவள் என்று ஏசினார்கள்.” அது என்ன படம் என்று கேட்டார். முடிந்த அளவுக்குக் கதையைச் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. அம்மா வெகு நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் நிறுத்தம் நெருங்கியபோது கேட்டார்:

“அத்தனை பேர் ஏசினார்களே, கூட நடித்த அந்தப் பையனை யாராவது ஏதாவது சொன்னார்களா?”