உளவியல் ஆய்வு முடிவுகளை இனி எப்படி நம்புவது?

உளவியல் ஆய்விதழ்களில் மோசடி அடுத்தடுத்து வெளிவருகிறதே, இந்தத் துறையில் எதைத்தான் நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் எம்.எட். மாணவர்களுக்குக் கல்வி உளவியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வி.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடெரிக் ஸ்டாப்பெல் என்ற புகழ்பெற்ற பேராசிரியர் இருந்தார். மாணவர்களோடு உட்கார்ந்து வினாத்தாள் தயாரிப்பார். பள்ளிகளுக்குத் தாமே போய் வந்ததாகச் சொல்லி எண்களைக் கையில் கொடுப்பார். அந்த வினாத்தாள்களை எந்தப் பள்ளியிலும் யாரும் நிரப்பியதே இல்லை. 2011-ல் இளம் ஆய்வாளர்கள் மூவர் துணிந்து சொன்ன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவரை நம்பி ஆய்வேடு எழுதிய பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

2012-ல் இன்னொரு கட்டுரை வந்தது. படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலேயே வாங்கிவிட்டால் மக்கள் பொய் சொல்வது குறையும் என்றது. அதில் ஒரு பகுதி, 13,488 காப்பீட்டுதாரர்களின் கார்கள் எத்தனை மைல் ஓடின என்ற கணக்கு. எழுதியவர்களே 2020-ல் அந்த முடிவு மறுபடி வரவில்லை என்று அறிவித்து, பழைய எண்களையும் பொதுவில் வைத்தார்கள். 2021-ல் டேட்டா கொலாடா என்ற வலைப்பதிவு அவற்றை அலசியது. ஆயிரம் மைல் ஓடிய வண்டியும் நாற்பதாயிரம் மைல் ஓடிய வண்டியும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருந்தன. 50,000-க்கு மேல் ஒன்றுகூட இல்லை. மனிதர்கள் ஓட்டும் வண்டிகள் அப்படியா இருக்கும்? அதே ஆண்டில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எண்கள் பூட்டியே கிடந்திருந்தால் இன்றும் அதை நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் ஐயா, அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார், பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஆளுக்கு உதவியாளராக, இருந்தவர். ஐந்தொகையை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கை, கேட்டால் அங்கே யாரும் கோபித்துக்கொண்டதில்லை என்பார். ஆய்வுலகில் எண்களைக் காட்டச் சொன்னால் இன்றும் முகம் சுருங்குகிறது.

ஆனால் மோசடி செய்பவர்கள் சிலர்தான். 2015-ல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். முதலில் 97 விழுக்காடு ஆய்வுகள் தெளிவான முடிவு காட்டியிருந்தன; மறுமுறை 36 விழுக்காடுதான் காட்டின. எண்களைக் கற்பனையாக எழுதியவர்களால் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளி வராது. வேறு எப்படி வரும் என்பது எனக்குத் தெரியும், நானே அதைச் செய்திருக்கிறேன்.

எம்.பில். ஆய்வுக்காகத் தேவகோட்டை, கல்லல், கானாடுகாத்தான் பள்ளிகளில் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, தேர்வு அச்சம் பற்றி 300 மாணவர்களிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கினேன். மாணவர், மாணவியர் இடையே டி-மதிப்பு, அதாவது இரு குழுக்களின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்க உதவும் எண், 1.81 வந்தது. 1.96-ஐத் தாண்டினால்தான் வேறுபாடு உண்டு என்று எழுத முடியும். "கவனமில்லாமல் நிரப்பிய தாள்களை எடுத்துவிட்டுப் பாருங்கள்" என்றார் வழிகாட்டி. நியாயமான யோசனைதான். ஆனால் நான் ஆண் மாணவர்களின் தாள்கட்டுக்குள் மட்டும் தேடினேன். பதினான்கு தாள்களை எடுத்ததும் 1.96 தாண்டியது, நிறுத்திவிட்டேன். எடுத்ததைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு வரியும் இல்லை. அன்று அது தப்பாகவே படவில்லை.

அதனால் ஓர் ஆய்வைப் படிக்கும்போது, எண்களைப் பொதுவில் வைத்திருக்கிறார்களா, எதைக் கணக்கிடப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிப் பதிந்தார்களா, வேறு யாராவது செய்து பார்த்தார்களா என்று தேடுங்கள். 2013 முதல் கார்டெக்ஸ் போன்ற இதழ்கள் தரவு திரட்டும் முன்பே திட்டத்தை மதிப்பிட்டு, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவதாக உறுதி தருகின்றன. என் மாணவர்கள் பஸ் ஏறும் முன்பே, எந்தத் தாளைத் தள்ளுவோம் என்பதை எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் தந்துவிட வேண்டும்.

என் பழைய தாள்கட்டு, அந்தப் பதினான்கு தாள்களோடு, வீட்டில் இரண்டாம் கட்டு அறையில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தது. போன ஆண்டு அதை வகுப்புக்கு எடுத்துப் போய், நடந்ததைச் சொல்லி, முழுவதையும் மறுபடி கணக்கிடச் சொன்னேன். 1.81 வந்தது.