ஏர் பிரான்ஸ் 447 மின்னல் தாக்கித்தான் கடலில் விழுந்ததா?

2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்து அட்லாண்டிக்கில் காணாமல் போன விமானத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். மின்னல் இல்லைங்க, பனித்துகள்.

நான் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பைக்கில் வேலைக்குப் போய்வருகிறவன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மூடுபனி அப்பிக்கிடந்து முன்னால் போகிற பஸ்ஸே தெரியாவிட்டாலும் ஸ்பீடோமீட்டர் வேலை செய்யும், ஏனென்றால் அது சக்கரத்தோடு சேர்ந்து ஓடுகிறது. விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. மூக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய்க்குள் எதிர்க்காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். இடிமேக உயரத்தில் பனித்துகள்கள் அந்தக் குழாய்களை அடைத்துவிட, வேகக்கணக்கு குழம்பி ஆட்டோபைலட் கழன்றுகொண்டது. அடைப்பு என்னவோ ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். அதற்குள் துணை விமானி மூக்கை மேலே தூக்க, விமானம் சுமார் 38,000 அடிவரை ஏறி, இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்துவிட்டது. இதைத்தான் ஸ்டால் என்பார்கள்; அதற்கான எச்சரிக்கை 54 விநாடி விடாமல் அலறியும் பயனில்லை. ஆட்டோபைலட் கழன்றதிலிருந்து நாலரை நிமிடத்துக்குள் கடல். 228 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

கருப்புப் பெட்டிகள் 2011 மே மாதம்தான் சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கிடைத்தன. அதுவரை மின்னல் கதை ஓடியதில் ஆச்சரியமில்லை.