பதில்: கண் மட்டும் பொம்மை மாதிரி முறைக்குது

பென்சிலால முகம் வரையும்போது மூக்கு, உதடு சரியா வருது, கண் மட்டும் முறைக்குதுன்னு கேட்டிருந்தீங்க. படத்தைப் பார்த்தேன். கருவிழியை முழு வட்டமா வரைஞ்சிருக்கீங்க, வினையே அதுதான். இயல்பா விழிச்சிருக்கிற கண்ணில் மேல் இமை கருவிழியோட உச்சியைக் கொஞ்சம் மறைக்கும். அடிப்பக்கம் கீழ் இமையை ஒட்டி நிற்கும். சுத்திலும் வெள்ளை தெரிஞ்சா அது மிரண்ட முகம்.

அப்புறம் அந்த வெள்ளை. காகிதத்தை அப்படியே விட்டுட்டீங்க. விழி ஓர் உருண்டை, அதனால ரெண்டு ஓரத்திலும் ஹெச்பி பென்சிலால லேசா நிழல் போடுங்க. மேல் இமையோட நிழல் வெள்ளை மேலயும் கருவிழி மேலயும் சேர்ந்தே விழணும். இந்த ஒண்ணைப் பிடிக்க எனக்குப் பல மாசம் ஆச்சு! நடுக் கண்மணியை 6பி-யால, அதாவது இன்னும் மென்மையான, அடர் கறுப்பா எழுதுற பென்சிலால, நல்லா கறுப்பாக்குங்க. கண்ணில் வெளிச்சம் பட்டு மின்னுற ஒளிப்புள்ளியை முதல்லயே குறிச்சு, தொடாம விட்டுடுங்க.

கீழ் இமைக்கும் தடிமன் உண்டு. விழிக்கும் இமைமுடிக்கும் நடுவுல மெல்லிய ஈர விளிம்பு தெரியும், அது வெளிச்சமா இருக்கட்டும். முடியைக் கடைசியா, வேரிலிருந்து வெளியே வீசி இழுங்க. சீப்புப் பல் மாதிரி வேண்டாம், ரெண்டு மூணு ஒண்ணா ஒட்டினாப்ல வரட்டும். திருத்தினதும் படத்தைப் போடுங்க, பார்க்கிறேன்.