வாசகர் கேள்வி பதில்: குதிரை ஓடாத றேஸ்கோர்ஸ்

கேள்வி: பேரப்பிள்ளைகள் சனிக்கிழமை வந்தால் "றேஸ்கோர்ஸுக்குப் போவோம்" என்று நிற்கிறார்கள். அங்கே கடைகளும் சாப்பாட்டு இடங்களும்தானே இருக்கின்றன? பந்தயத் திடலை இப்படி மாற்றியது சரியா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: சரிதான் அம்மா. ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு.

கொழும்பில் முதலில் குதிரை ஓடியது காலிமுகத் திடலில். கறுவாத்தோட்டத்தில் இருக்கும் இந்த றேஸ்கோர்ஸுக்குப் பந்தயம் வந்தது 1893இல். 1942இல் பிரித்தானிய விமானப்படை அந்தப் புல்தரையை ஓடுபாதை ஆக்கிக்கொண்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது ஹரிக்கேன் விமானங்கள் இங்கிருந்துதான் எழும்பிப் போயின. போர் முடிந்து குதிரைகள் திரும்பின. 1956இல் ஆட்சி மாறியதும் பந்தயம் நின்றே போனது.

நான் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்தது எழுபதுகளில். வகுப்பில்லாத நேரம் அந்தப் பழைய பார்வையாளர் மேடைதான் எங்களுக்கு வாசிகசாலை. படி இடுக்கெல்லாம் புல். மழை வந்தால் கூரை ஒழுகும். பரீட்சைக்கு முதல் நாள் சிநேகிதன் கொப்பியை அங்கே மறந்துவிட்டு வர, இரவில் ரோர்ச் அடித்துத் தேடியிருக்கிறோம். என்றோ ஒருநாள் இடித்துவிடுவார்கள் என்றே நினைத்திருந்தேன். 2012 அளவில் நகர அபிவிருத்தி அதிகார சபை அதை இடிக்காமல் திருத்தி எடுத்தது. நடுத்திடல் றக்பி மைதானமானது. அந்த மேடை தப்பியதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

குறை இதுதான். போன மாதம் அங்கே மழையில் அகப்பட்டேன். ஒரு கோப்பி வாங்காமல் ஒதுங்கி நிற்கவே கூச்சமாக இருந்தது. சோற்றுப் பார்சலோடு வரும் மாணவனுக்கும் நிழலும் ஒரு வாங்கும் குடிதண்ணீரும் கிடைக்க வேண்டும். அப்போதுதான் அது ஊருக்குச் சொந்தமான இடம்.

கேள்வி: மகள் சென்னை வேளச்சேரியில் இருக்கிறாள். கிண்டிப் பந்தயத் திடலும் இப்படித்தான் ஆகுமா?
– ஒரு வாசகர், மானிப்பாய்

பதில்: அங்கே கதை வேறு. சுமார் 160 ஏக்கர் நிலம். 2024 செப்டெம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்துச் செய்து பூட்டியது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. பசுமைப் பூங்காவும் குளங்களும் அமைப்பது அரசின் திட்டம். என்னைக் கேட்டால் குளம்தான் முதலில். மழைக்காலத்தில் வீட்டு வாசலில் தண்ணீர் ஏறுவதை உங்கள் மகளே சொல்லியிருப்பாள். மழைத்தண்ணீர் நிற்க இடம் விட்ட பிறகு, நடைபாதையும் ஊஞ்சலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும்.

கேள்வி: சரி, ஓடுகிற குதிரையைப் பார்க்க இலங்கையில் எங்கே போவது?
– ஒரு மாணவி, மட்டக்களப்பு

பதில்: நுவரெலியா. 1875இல் தொடங்கிய திடல். ஏப்ரல் வசந்த காலத்தில் போங்கள், பிள்ளை. அறைகளுக்கு அப்போது அடிபிடி. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கம்பளிச் சட்டையும் மறக்க வேண்டாம்.