பேஸ்மென்ட்டில் ஒளிந்திருக்கும் கொடி

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு 52 வயது. குடும்பத்தோடு பென்சில்வேனியாவில் இருக்கிறேன். பழைய அமெரிக்கக் கொடிகளைச் சேர்க்கிறேன். அதிலும், மாநிலத்துக்கு ஒரு நட்சத்திரம் என்ற கணக்கு உதைக்கிற கொடிகள். என்னிடம் 39 நட்சத்திரக் கொடி ஒன்று உண்டு. அப்படி ஒரு கொடி அதிகாரபூர்வமாக இருந்ததே இல்லை! டகோட்டா ஒரே மாநிலமாக வந்து சேரும் என்று நம்பி, கொடி செய்தவர்கள் முந்திக்கொண்டார்கள். 1889 நவம்பரில் அது வடக்கு, தெற்கு என்று இரண்டாக வந்தது. அதே மாதம் மொன்டானாவும் வாஷிங்டனும் சேர, 38 மாநிலம் 42 ஆகிவிட்டது. 43 நட்சத்திரக் கொடி இன்னும் அரிது. 1890 ஜூலை 3-ல் ஐடஹோ சேர்ந்தது; ஒரே வாரத்தில் வயோமிங்கும் வந்துவிட்டதால் 43-ஐச் செய்தவர்கள் குறைவு. அதற்காக எட்டு வருடம் அலைந்தேன், கிடைக்கவில்லை.

போன வருடம் ஒரு வியாபாரி, முதல் 13 மாநிலங்களைக் குறிக்கும் 13 நட்சத்திரக் கொடியைக் காட்டி, சுதந்திரப் போர்க் காலத்தது என்றார். அந்த விலைக்கு அப்படி ஒன்று கிடைக்காது என்று எனக்கே தெரியும். ஆசை கண்ணை மறைத்தது. மகனின் காலேஜுக்கு வைத்திருந்ததில் 9,000 டாலர் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நட்சத்திரங்கள் தையல் மிஷினில் தைத்தவை. அந்தக் காலத்தில் ஏது மிஷின்?

மனைவிக்குத் தெரியாது. பேஸ்மென்ட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன். தூக்கம் போய்விட்டது. இது மனநோயா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரருக்கு,

ஒரு கடிதத்தை வைத்து நோய் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. பொருள் சேர்ப்பது மட்டுமே நோய் ஆகிவிடாது.

முதலில் கொடி. 13 நட்சத்திரக் கொடிகளை 19-ஆம் நூற்றாண்டிலும் தைத்திருக்கிறார்கள். 1876-ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டு விழாவுக்குச் செய்தார்கள். கடற்படையின் சிறு படகுகளில் 1916 வரை பறந்தது. ஆகவே உங்களுடையது நிஜமாகவே பழசாக இருக்கலாம், சொன்ன வயதுதான் தப்பு. பில்லில் காலத்தை எழுதிக் கொடுத்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் டகோட்டாவுக்கு எவ்வளவு இடம், மனைவிக்கு எவ்வளவு இடம் என்று பாருங்கள். விஷயம் தெரியாதவர் ஏமாந்தால் நாலு பேரிடம் புலம்பித் தீர்த்துக்கொள்வார். தெரிந்தவர் ஏமாந்தால் வாயே திறக்க மாட்டார். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வெட்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வாரமே மனைவியிடம் சொல்லுங்கள். கொடியின் சரித்திரத்தில் ஆரம்பிக்க வேண்டாம், தொகையில் ஆரம்பியுங்கள். கோபப்படுவார். படட்டும், மகன் அவருக்கும் மகன்தானே. அந்தச் சூட்டில், எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், காப்பாற்ற மாட்டீர்கள். அந்த 9,000 திரும்பச் சேரும்வரை புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்றால் போதும். அதையும் மீறி, இன்னொன்றை வாங்கி மறுபடி ஒளித்தால் உங்கள் ஊரிலேயே ஓர் ஆலோசகரை நேரில் போய்ப் பாருங்கள்.

அப்புறம், பேஸ்மென்ட் ஈரம் பழைய துணிக்கு ஆகாது. கோபம் ஆறிய பிறகு கொடியை மேலே கொண்டுவாருங்கள். எந்தச் சுவர் என்பதை அவரே சொல்லட்டும். வெயில் மட்டும் படக்கூடாது.